கிராணியார் படத்தில் முருகையா

புக்கிட் செலம்பாவ்
7.1.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

விக்னேஸ்வரன் வணக்கத்தோடு எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். மழை பிடித்துக்கொண்டதால் அம்மாவின் முட்டிவலி மட்டும் கூடியிருக்கிறது. உங்கள் காது எப்படி? மருத்துவமனையில் கொடுத்த கருவியை மாட்டுகிறீர்களா, டப்பாவிலேயே கிடக்கிறதா? போனில் நான் கத்துவதும் நீங்கள் "ஆங்? ஆங்?" என்பதும் போதும், இனி கடிதம் எழுது என்றீர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்போதுதான் இவ்வளவு தமிழ் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஒரு நல்ல செய்தி. எனக்குப் படத்தில் கதாநாயகன் வேஷம் கிடைத்திருக்கிறது. கோயில் திருவிழா நாடகத்தில் நான் நடித்ததைக் கோலாலம்பூரிலிருந்து வந்த புவனேசன் என்ற இயக்குநர் பார்த்தாராம். ஒரு சூதாடியின் வாழ்க்கைக் கதை, உண்மையில் இந்தப் பக்கம் வாழ்ந்த ஆள் என்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, குதிரையிலும் சீட்டிலும் ஜெயித்து, எல்லாம் தோற்று, கடைசியில் ஊருக்காக அழிந்து போகிறவன். தீபாவளிக்கு வெளியீடு.

கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். அம்மா திட்டினார். நீங்களாவது வாழ்த்தி எழுதுங்கள்.

தங்கள் பிள்ளை,
விக்னேஸ்வரன்


கோலா கெடா
19.1.2024

தம்பி விக்னேசுக்கு,

ஆயுசு நூறாக. உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கருவி காதுக்குள் புகுந்து வறுத்த கடுகு மாதிரி வெடிக்கிறது. டப்பாவில்தான் இருக்கிறது.

நீ கதாநாயகன் ஆனது சந்தோஷம். உன் பெரியப்பா இருந்திருந்தால் மீன் பசாரில் எல்லார் தோளையும் தட்டித் தட்டிச் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டு நளினியிடம் சொன்னேன். படகுத்துறையில் லங்காவிக்கு டிக்கெட் விற்கிறாளே, அவள்தான். உன் படம் வந்தால் முதல் ஆளாகப் போவாளாம்.

ஆனால் தம்பி, சூதாடிக்கு என்னத்துக்குப் படம்? தெருவுக்குத் தெரு இருக்கிறார்களே. தோற்றவன் வீட்டில் அடுப்பு எரியாததைப் படம் எடுத்தால் சரி. யார் அந்த ஆள்? பெயர் என்ன? இந்தப் பக்கத்து ஆள் என்றால் எனக்குத் தெரியாமல் இருக்காது.

பிரேமாவை முட்டிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்.

பெரியம்மா,
புஷ்பவள்ளி


புக்கிட் செலம்பாவ்
25.2.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். படப்பிடிப்பில் நேரம் போவதே தெரியவில்லை. நல்லெண்ணெய் தேய்த்ததில் அம்மாவுக்குத் தேவலாம்.

என் வேஷத்துக்குப் பெயர் ராஜா. உண்மையும் கற்பனையும் கலந்த கதை.

பெரியம்மா, சினிமா என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். செம்பனைக் காட்டின் ஓரத்தில் பழைய தகரம் அடித்துத் தொழிலாளர் லயம் கட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் நிற்க நம் பக்கத்துப் பெரியவர்கள் நாற்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். "ஏழைங்க மாதிரியே தெரியலையே" என்றார் இயக்குநர். ஒப்பனைப் பெண் ஒவ்வொருவர் முகத்திலும் கரி பூசினாள். ஓர் அம்மா, "நான் முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவ லா, எனக்கு எதுக்குக் கரி?" என்று கேட்டார். அவரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். மதியம் அவர்களுக்குக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் வெயிலில் கிடந்து ஊசிப்போயிருந்தது. கரி முகத்தோடு அதைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, மடித்துவைத்தார்கள். எனக்குத் தனிக் கூடாரம், ஐஸ் போட்ட தண்ணீர்.

சேவல் சண்டை எடுத்த நாளில் ஒரு சேவல் நிஜமாகவே செத்தது. நிறுத்தவில்லை. காலில் தங்கூசி நூல் கட்டி ஆட்டி ஆட்டி எடுத்தார்கள். ஈ மொய்த்த அந்தச் சேவலைக் கையில் தூக்கி நான் சிரிக்க வேண்டும். சிரித்தேன். அன்று சாப்பிட முடியவில்லை.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முதல் வாய்ப்பு. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

விக்னேஸ்வரன்


கோலா கெடா
6.3.2024

தம்பி விக்னேசுக்கு,

நலமா. நான் இருக்கிறேன்.

பெயர் கேட்டேன், நீ சேவல் கதை எழுதியிருக்கிறாய்.

நேற்றுப் பிச்சை வந்திருந்தார். பழைய தோட்டத்தில் நமக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாரே, அவர்தான். பேத்தி கல்யாணத்துக்கு மீன் சொல்ல வந்தவர், தானும் கரி பூசிக் கூட்டத்தில் நின்றதாகச் சொன்னார். காது கேட்காதென்று தாளில் எழுதிக் காட்டினார். முதல் நாள் பூசையில் மாலை போட்டு வைத்திருந்தது கிராணி இராசையாவின் படமாம். கற்பூரம் காட்டியது அவர் மகன் குகநாதனாம். படமெடுக்கிற முதலாளியே அவர்தானாம்.

அந்த மனுசனா தோட்டத்தில் பிறந்தார்? பால்மரத்தின் பக்கம் அவர் போனதே சம்பளப் புத்தகத்தோடுதான். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி, கார் வைத்திருந்தார், சனிக்கிழமை தவறாமல் பினாங்குக்குப் பந்தயம் போவார்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதுகிறேன். 1994இல் தோட்டம் விற்றபோது, தொழிலாளிக்கு வீட்டு மனை தருவார்கள், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். உன் பெரியப்பா வீடு வீடாகப் போய் வாங்கி, கொண்டுபோய்க் கிராணியார் கையில் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை. கிராணியாரிடம் யார் ரசீது கேட்பது? அத்தனையும் குதிரைக் காலடியில் போனது. கடைசியில் "முருகையா என்னிடம் தரவே இல்லை" என்று ஒரே வார்த்தை சொன்னார். கோயில் வாசலில் கூட்டம் கூட்டி உன் பெரியப்பாவை நிற்க வைத்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். ஒருவருக்கும் வீடு இல்லை. நாங்கள் இங்கே வந்தோம். சாகிற வரை அவர் படகுத்துறையில் ஐஸ் பெட்டி தூக்கினார்.

கிராணியார் மனைவி ஞானாம்பிகை ஒரு தடவை இங்கு வந்து, என் கையைப் பிடித்து, "அவர்தான் எடுத்தவர்" என்று அழுதுவிட்டுப் போனார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உன் பெரியப்பா அந்தப் படத்தில் வருகிறாரா?

பெரியம்மா


புக்கிட் செலம்பாவ்
21.4.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். சுகம்தானே? அம்மா வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே இருக்கிறார்.

நீங்கள் கேட்ட பெயர் படத்தில் இல்லை. ராஜாவுக்குச் சேகரன் என்று ஒரு கூட்டாளி வருகிறான், அவ்வளவுதான். படப்பிடிப்பு முடிந்துவிட்டது. கிராணியார் விஷயத்தை முதலிலேயே சொல்லாதது தவறுதான். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

விக்னேஸ்வரன்


கோலா கெடா
2.5.2024

தம்பிக்கு,

நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துவிட்டாய். அவர்கள் தங்கள் அப்பாவை ராஜாவாக்கட்டும், மந்திரியாக்கட்டும். நம் ஆளை விட்டுவிட்டார்களே, போதும். நளினி கையில் கருவாடு கொடுத்து அனுப்புகிறேன், பிரேமாவிடம் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கச் சொல்.

உன் பெரியப்பா நினைப்பாகவே இருக்கிறது. அந்தக் கூட்டம் நடந்த அன்றைக்கு நான் வீட்டில்

அது கிடக்கட்டும். எழுதவந்தது மறந்துவிட்டது. நன்றாக இரு.

பெரியம்மா


கோலா கெடா
14.8.2024

விக்னேஸ்வரனுக்கு,

நேற்று நளினி ஓடிவந்து கைத்தொலைபேசியில் உன் படத்தின் முன்னோட்டத்தைக் காட்டினாள். 'ஏழாம் நம்பர் குதிரை'. நல்ல பெயர்.

கோயில் வாசலில் ஓர் ஆள் நிற்கிறான். இரண்டு கையும் பின்னால். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. தலை குனிந்து தன் பெருவிரலையே பார்க்கிறான். அப்படி நிற்கிற ஒருவரோடு நான் குடித்தனம் செய்திருக்கிறேன். அந்த நிற்பு கிராணி மகனுக்குத் தெரியாது. கோலாலம்பூர்க்காரனுக்கும் தெரியாது.

நீ அவன் முன்னால் வந்து ஏதோ சொல்கிறாய். துப்புகிறாய். அவன் கன்னத்தில் வழிகிறது.

"என்னடி சொல்றான்?" என்று நளினியைக் கேட்டேன். "'சேகரா, துரோகி'ன்னு சொல்றாரு பெரியம்மா" என்று எழுதிக் காட்டினாள். மறுபடி போடச் சொன்னேன். காது போன பிறகு மனிதர்களின் வாயைப் பார்த்தே பிழைக்கிறேன். 'சே' என்றால் உதடு ஒட்டாது. 'மு' என்றால் ஒட்டும். உன் உதடு ஒட்டியது. ஐந்து தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் ஒட்டியது.

உனக்குப் பதின்மூன்று வயது வரை ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் இங்கு வந்து அந்த மனுசன் தோளைப் பிடித்துக்கொண்டு படகு பார்த்தவன் நீ.

காலையிலிருந்து வாயில் எச்சில் ஊறுகிறது, விழுங்க முடியவில்லை.

புஷ்பவள்ளி


புக்கிட் செலம்பாவ்
1.9.2024

பெரியம்மா,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் கையில் கொடுத்த கதையிலேயே பெரியப்பா பெயர் இருந்தது. ஊர்ப்பணத்தைத் திருடுகிற கூட்டாளி முருகையா. நண்பனின் பழியைத் தானே சுமந்து ராஜா சாகிறான். படித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஏழு வருஷம் கையுறை எண்ணிய எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அந்தக் காட்சியை மார்ச் 18இல் எடுத்தோம். உச்சி வெயில். முருகையாவாக நடித்தவர் சுகுமாரன் என்ற பழைய நாடகக்காரர், அறுபது வயது. எப்படி நின்றாலும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. "தோட்டத்து ஆளுங்க அவமானப்பட்டா எப்படி நிப்பாங்க? நீ சொல்லு, விக்னேஷ்" என்றார். நான் பெரியப்பா மாதிரி நின்று காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நொடி எனக்குப் பெருமையாக இருந்தது, பெரியம்மா. அதையும் எழுதிவிடுகிறேன்.

முட்டை வெள்ளைக் கரு கலந்து வைத்திருந்தார்கள். வேண்டாம், நிஜ எச்சில்தான் வேண்டும் என்றுவிட்டார் இயக்குநர். பதினான்கு தடவை துப்பினேன். இடையில் சுகுமாரன் அண்ணன் செம்பனைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். "தம்பி, வெயில்ல காஞ்சு நாறுதுப்பா. நல்லா துப்பு, ஒரேயடியா முடிச்சிடு" என்று என்னிடம் கெஞ்சினார். கூட்டத்தில் நின்ற நம் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் சொன்னபடி கைதட்டினார்கள். பெரியப்பாவைத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

பிறகு வக்கீல் சொன்னாரென்று குரல் பதிவில் பெயரைச் சேகரன் என்று மாற்றினார்கள். ஏப்ரலில் நான் உங்களுக்கு எழுதியபோது, படத்தில் அந்தப் பெயர் இல்லைதான். ஒரு மாதம் முன்பு இருந்தது. இப்படி ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்து எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு சுங்கை பட்டாணியில் குகநாதனைப் போய்ப் பார்த்தேன். அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள், அவர் என் பெரியப்பா என்றேன். அவர் கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்தார்.

"அப்பா சாகும்போது என் கையைப் பிடிச்சு, முருகையாதான் எடுத்தவன்னு சொன்னாரு தம்பி. செத்துக்கொண்டிருக்கிற மனுசன் பொய் சொல்லுவாரா?"

"உங்க அம்மா வேற மாதிரி சொல்லியிருக்காங்க சார்."

"அம்மாவா? அவங்களுக்கு இப்ப என் பேரே தெரியாது. என்னைப் பார்த்து 'டாக்டர் வந்திட்டாரோ'ன்னு கேக்கிறாங்க. வேற யாராவது சாட்சி இருந்தா கொண்டுவா, பார்ப்போம்."

கிராணியாக இருந்தவரை ஏன் பால் வெட்டுகிறவராக்கினீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலிருந்த புவனேசன்தான் பதில் சொன்னார். "கிராணி சூதாடினா யாரு அழுவா? பால் வெட்டுறவன் சூதாடினாத்தான் அழுவாங்க லா."

அடுத்த படமும் எனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தேநீரை நான் குடித்தேன்.

விக்னேஸ்வரன்


புக்கிட் செலம்பாவ்
6.10.2024

பெரியம்மா,

ஒரு மாதமாகத் தபால்காரரின் மோட்டார் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுகிறேன். முன்னோட்டத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதில்லை. சோறு போட்டுவைத்துவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போய்விடுகிறார்.

படத்தின் பின்பாதிக்கு நான் குரல் கொடுக்கப் போகவில்லை. பெரிய காரியம் செய்ததாக எண்ணி மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் கோலாலம்பூரில் ஒரு வானொலிக்காரர் என்னைப் போலவே பேசி முடித்துவிட்டாராம். எனக்குப் பதிலாக அடுத்த படத்தில் நடிக்கப்போவதும் அவர்தானாம். என்னால் எதுவும் நிற்கவில்லை. தீபாவளிக்குப் படம் வருகிறது.

மீண்டும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறேன். அங்கே சிலர் என்னோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். முன்னோட்டம் பார்த்த ஒருவன் "அந்தத் துப்புற சீன் செம்ம, ப்ரோ" என்கிறான்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

விக்னேஸ்வரன்


கோலா கெடா
17.11.2024

தம்பி விக்னேசுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்கு உன்மேல் உள்ள கோபம் பாதிக் காரணம்தான். மீதியை இப்போது சொல்கிறேன்.

படம் பார்த்தேன். நளினியோடு அலோர் ஸ்டார் போனேன். அரங்கு பாதிகூட நிறையவில்லை. பின்னால் ஒரு குடும்பம் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தது. நீ துப்பிய இடத்தில் அவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகளும் தட்டின. நளினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் எழுந்து போகவில்லை. முழுவதும் பார்த்தேன். குதிரை ஓடியது, கிராணியார் செத்தார், எல்லாரும் அழுதார்கள். வெளியே வந்து கழிவறையில் வாந்தி எடுத்தேன்.

உன் நடிப்பைப் பார்த்து எடுத்த வாந்தி என்று நினைத்துவிடாதே.

மார்ச்சில் நான் உனக்கு எழுதிய கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். மே மாதம் எழுத ஆரம்பித்துப் பேனாவை மூடிவிட்டேன். ஞானாம்பிகை அம்மா வந்து உண்மையைச் சொன்னது 2011இல். உன் பெரியப்பா போய் இரண்டு வருஷம் கழித்து. அதுவரை எனக்கும் தெரியாது. தெரியாது என்று எழுதுவதுகூடப் பொய். நான் அவரை நம்பவில்லை.

அந்தக் கூட்டம் முடிந்து, வெளிச்சம் மங்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது. துடைக்கக்கூட இல்லை. "புஷ்பம், முகம் கழுவத் தண்ணி குடு" என்றார். நான் செம்பை எடுக்கவில்லை. "அந்தக் காசை எங்க கொண்டுபோயி வச்ச? எந்தச் சிறுக்கிக்குக் குடுத்த?" என்று கேட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீ காட்டினாயே, அப்படித்தான் நின்றார். காறித் துப்பினேன். அவர் காலடியில் விழுந்தது.

அதன் பிறகு பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். சோறு போட்டேன், துணி துவைத்தேன். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி அவர் விரலெல்லாம் வெடித்திருக்கும். மருந்தை எடுத்து மேசையில் வைப்பேன், தடவிவிட மாட்டேன். ஞானாம்பிகை அம்மா வந்து அழுதபோது "எனக்கு அப்பவே தெரியும்மா" என்றேன். அந்த அம்மாவிடமும் பொய் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

நீ கூலிக்குத் துப்பினாய். நான் அவர் பெண்டாட்டியாக இருந்து துப்பினேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன தகுதி என்று யோசித்துக்கொண்டே இரண்டு மாதம் போய்விட்டது. அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. மன்னிப்பு என்று என்னிடம் கேட்டு எழுதாதே. அதைக் கொடுக்க வேண்டியவர் இல்லை.

குகநாதன் சாட்சி கேட்டாராமே. நான் இருக்கிறேன். அவர் அம்மா என் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தைக்கு நான் ஒருத்திதான் சாட்சி. இதுநாள் வரை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால், நீ எப்போதிலிருந்து நம்பினாய் என்று கேட்பார்களே. அந்த வெட்கம்.

பிச்சைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பழைய தோட்டத்து ஆட்களை அதே கோயில் வாசலில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். குகநாதனையும் வரச் சொல்லி நீ போய்க் கேள். வந்தால் வரட்டும். முதலில் நான் செய்ததைச் சொல்வேன். பிறகு கிராணியார் செய்ததைச் சொல்வேன். அதன் பிறகு உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் நீ சொல். சொல்லாவிட்டாலும் பக்கத்தில் நில்.

பிரேமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. என் தங்கைக்கும் இது தெரியாது. படித்துவிட்டு அவள் என்னோடும் பேசாமல் போனால், அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமையே வந்துவிடு. எனக்கு இடுப்பு வலி, மோட்டாரில் உட்கார முடியாது. யாரிடமாவது கார் கேட்டு எடுத்து வா.

பெரியம்மா,
புஷ்பவள்ளி முருகையா